தீப்பிடிக்காத சோபா

துணிக்கடையில் வேலை பார்க்கிறவனுக்குக் கால் உண்டு, முழங்கால் கிடையாது என்பது அந்தக் கடை முதலாளியின் கொள்கை. முழங்கால் இருந்தால் மடக்கத் தோன்றும். மடக்கத் தோன்றினால் உட்காரத் தோன்றும். விற்பனையாளன் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஆகவே திரைச்சீலை, படுக்கை விரிப்புப் பிரிவில் பேருக்குக்கூட ஒரு நாற்காலி கிடையாது.

அந்தப் பிரிவில் வெகுகாலமாக நின்றுகொண்டிருந்தவரைக் கடையில் எல்லோரும் கொக்கு என்றே கூப்பிட்டார்கள். வலது கால் வலித்தால் இடது காலில் நிற்பார், இடது கால் வலித்தால் வலது காலில் நிற்பார். கழுத்தும் கொஞ்சம் நீளம். பட்டப்பெயருக்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

கெண்டைக்காலில் நரம்புகள் நீலநீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டபோது டாக்டரிடம் போனார்.

"தினமும் சாயங்காலம் காலைத் தூக்கி உசரத்துல வச்சுப் படுங்க. இல்லேன்னா புண்ணாயிடும். இந்த எடத்துல புண்ணு வந்தா லேசுல ஆறாது" என்றார் டாக்டர். "வேலை நேரத்துலயும் அப்பப்ப கொஞ்சம் உக்காருங்க."

கொக்கு சிரித்தார். சம்மதம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சிகிச்சைக்காக வாங்கியதுதான் சோபா. மூன்று பேர் உட்காரலாம். யாரோ வீடு காலி செய்தபோது கைமாறி வந்தது. பழுப்பு நிறம், ஒரு கோடியில் நல்ல குழி. தலையை அந்தக் குழியில் கிடத்தி, குதிகாலை எதிர்க் கைப்பிடியில் போட்டால் டாக்டர் சொன்ன உயரம் அச்சு அசலாக வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் சாய்வார். கால் ரத்தம் மெல்லத் திரும்பி வரும். அந்த நேரத்தில் அவர் மனிதர். மற்ற நேரமெல்லாம் கொக்கு.

வீட்டில் அவரோடு சேர்த்து மூன்று பேர். மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்பதைத் தூக்கத்திலும் சொல்வாள். அதற்கு அப்புறம் ஒன்றும் நடக்காது என்பது ஊரில் யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது ஆள் மாமனார், அவளுடைய அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்ததால், நின்று சம்பாதிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். நுரையீரல் டாக்டரின் மிரட்டலில் சிகரெட்டை விட்டிருந்தார். டாக்டரை இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் கூடத்தில் விரித்துப் படுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெத்தை இருக்கைத் தீப்பாதுகாப்பு வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடித்த விதிப்புத்தகம், தோளில் பை, முகத்தில் நாலு மாடி ஏறிய களைப்பு.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் கொக்கு.

"உக்கார மாட்டேன். சான்று இல்லாத இருக்கையில அலுவலர்கள் உக்காரக் கூடாது. சான்று இருக்கான்னு நின்னுக்கிட்டுத்தான் பாக்கணும்."

"பாத்து, சான்று இருந்துதுன்னா?"

"இருந்துதுன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன்."

கொக்குவுக்கு அந்த மனிதர் மேல் ஒரு பரிவு உண்டாயிற்று. இவரும் நம்ம சாதிதான், நிற்கிற சாதி, என்று நினைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் குனிந்து, சோபாவின் அடியிலும் முதுகிலும் திண்டுகளுக்கு இடையிலும் கைவிட்டுத் துழாவினார். ஒரு சீப்பும் மாமனாரின் காணாமல் போன மூக்குக் கண்ணாடியும் கிடைத்தன. அவர் தேடியது கிடைக்கவில்லை.

"தயாரிப்புச் சீட்டு எங்க? துணியில வச்சுத் தச்சிருப்பாங்களே."

"அதுவா? இடுப்புல குத்திக்கிட்டே இருந்துது. வெட்டிட்டேன்" என்றாள் மனைவி.

ஆய்வாளர் கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, சீட்டு இல்லாத சோபா அடையாளம் தெரியாத பிணம் மாதிரி. அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது."

மாமனார் புதிதாகக் கிடைத்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், சீட்டு இருந்தா தீப்பிடிக்காதா?"

"பிடிக்கும். ஆனா எங்களுக்குத் தெரிஞ்சு பிடிக்கும்."

சீட்டு இல்லாத சோபாவை அதே இடத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். "வீட்ல யாராவது புகைபிடிக்கிறவங்க இருக்கீங்களா?"

"இல்லை" என்றாள் மனைவி பெருமையாக.

ஆய்வாளரின் முகம் வாடிப்போயிற்று. "அப்ப சிரமம்தான். வீட்ல குடியிருக்கிறவர் ஒருத்தர் சிகரெட்டைப் பத்த வச்சு, கவனக்குறைவா சோபாவுல போடணும். அதை நாங்க செய்ய முடியாது. நாங்க கவனக்குறைவா இருக்கக் கூடாது, அதிகாரிங்க."

மாமனார் எழுந்து நின்றார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்கேன் சார்" என்றார்.

"அப்பா!"

"அரசாங்கம் கேக்குதும்மா. நாம மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

பற்ற வைத்தார். முதல் இழுப்பில் அவருடைய கண்ணில் நீர் நிறைந்தது. அது புகையால் வந்தது அல்ல.

"போதும், போடுங்க" என்றார் ஆய்வாளர்.

"கவனக்குறைவு வர வேண்டாமா சார்? ஒரு இழுப்புல எப்படி வரும்?"

பாதி சிகரெட் தீர்ந்த பிறகுதான் அவருக்குக் கவனக்குறைவு வந்தது. மிச்சத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டு நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மெல்லிய புகை ஒன்று எழுந்து நெளிந்தது. துணியில் மிளகளவு ஒரு கருப்புப் புள்ளி விழுந்தது. பிறகு சிகரெட் தானாகவே அணைந்துபோயிற்று.

"அணைஞ்சிடுச்சு!" என்று கை தட்டினாள் மனைவி.

ஆய்வாளர் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: "சோதனை நிறைவு பெறவில்லை."

"தீப்பிடிக்கலையே சார்" என்றார் கொக்கு.

"அதான் பிரச்சினையே. பிடிச்சிருந்தா தோல்வின்னு எழுதிட்டுப் போயிருப்பேன். நல்ல சோபா ஒரு காரணத்தோட பிடிக்காம இருக்கும். இது சும்மா பிடிக்காம இருக்கு. இதை நம்பி எப்படிச் சான்று குடுக்கிறது?"

பையிலிருந்து மஞ்சள் பட்டையை எடுத்துச் சோபாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி ஒட்டினார். இனி இதில் யாரும் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, இதை நகர்த்தக் கூடாது, விற்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, தூக்கி எறியவும் கூடாது என்றார்.

"வேற என்னதான் செய்யலாம்?"

"பாதுகாப்பா வச்சிருக்கலாம்."

வழியனுப்பக் கொக்குவும் மனைவியும் படிக்கட்டுவரை போனார்கள். படி திரும்புகிற இடத்தில் சுவரில் இருந்த மின்பெட்டி படபடவென்று பொறி கக்கியது. ஆய்வாளர் ஒரே தாவலில் இரண்டு படி மேலே ஏறிவிட்டார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மனைவி. "தூறல் போட்டாலே இப்படித்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

ஆய்வாளர் பெட்டியை மேலும் கீழும் உற்றுப் பார்த்தார். கை நீட்டிவிட்டு, நீட்டிய கையைப் பத்திரமாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"இதுல மெத்தை இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, சுவரை விட்டு விலகி இறங்கிப் போனார்.

அன்றுமுதல் சோபா கூடத்தின் நடுவில் காயம்பட்ட ஆள் மாதிரிக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றித் தரையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொக்கு தரையில் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாத்திப் பார்த்தார். கால் மரத்துப்போய் வழுக்கி விழுந்தது. தலையணைகளை அடுக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தார். தூக்கம் வந்ததும் தலையணை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கண்ணெதிரே சோபா இருந்தது. பசித்தவன் எதிரில் சோற்றை மூடி வைத்த மாதிரி இருந்தது.

"பட்டையைப் பிச்சுட்டுப் படுங்க மாப்பிள்ளே. யாரு பாக்கப் போறா?" என்றார் மாமனார்.

கொக்கு தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டார். விதியை மீறவும் தெம்பு வேண்டும்.

சில வாரங்களில் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, அரித்து, கடைசியில் டாக்டர் சொன்ன இடத்திலேயே புண் வந்தது. மனைவி கழுவித் துணி சுற்றிவிட்டாள். "நாளைக்கே அந்த வாரியத்துக்குப் போங்க. புகார் குடுக்காதீங்க, அதைப் பதிவு பண்ணிடுவாங்க. நேராப் போய்க் காலைக் காட்டுங்க" என்றாள். அனுபவஸ்தி.

வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் மெத்தை வைத்த பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள் பட்டை. அவற்றுக்கு முன்னால் ஜனங்கள் நின்றார்கள். கொக்குவுக்குக் கடையில் இருப்பது போலவே இருந்தது. விரித்துக் காட்டத் துணிதான் இல்லை. நின்று நின்று பழகியவர் ஆகையால் மற்றவர்கள் ஒவ்வொருவராக அலுத்துப் போய்க் கிளம்ப, கடைசியில் அவர் ஒருவரே மிஞ்சினார். அப்படித்தான் அவருக்குத் தலைவரைப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது.

தலைவர் ஆழமான தோல் நாற்காலியில் புதைந்து உட்கார்ந்திருந்தார். கொக்குவின் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"இது அலுவலர் இருக்கை. நம்ம சட்டம் பொதுமக்கள் உக்காருற இருக்கைக்கு மட்டும்தான். பொதுமக்கள் அசந்துபோய் இருப்பாங்க. அலுவலருங்க அப்படி இல்ல" என்றவர், அலுவலகத்தில் இருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கேட்க ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும் போலிருந்தது.

"சோபா என்றால் என்ன? விரோதி. நாமே கூட்டிவந்து நடுவீட்டில் உட்கார வைத்திருக்கும் விரோதி. நான் பொறுப்பேற்றபோது இந்த ஊரில் எத்தனை சோபா ஆபத்தானது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு எல்லாமே ஆபத்தானவை என்று ஐயமின்றித் தெரியும். இது சாதாரண முன்னேற்றமா?"

"இல்லை சார்" என்றார் கொக்கு. பிறகு கால்சட்டையைச் சுருட்டிப் புண்ணைக் காட்டினார்.

தலைவர் மூக்கைச் சுளிக்காமல் பார்த்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். "இது சோபாவால வந்ததா?"

"சோபாவுல படுக்க முடியாததால வந்தது சார்."

"அடடா. சோபாவால வந்திருந்தா உடனே நடவடிக்கை எடுத்திருப்பேன். சோபா இல்லாம வர்றது எங்க வரம்புக்குள்ள வராதே." கொஞ்ச நேரம் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு செய்யலாம். தீத்தடுப்புத் திரவம் அடிச்சிட்டா மறுசோதனைக்குத் தகுதி வந்துடும். ஆளை அனுப்புறேன்."

அதே ஆய்வாளர் முதுகில் ஒரு தகர டப்பாவைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சோபாவின் மேல் திரவத்தைப் பீச்சி அடித்தார். சோபா நனைந்து, நிறம் மாறி, பழைய சாக்கடையும் புதுச் சாயமும் கலந்த மாதிரி ஒரு வாடை வீட்டை நிறைத்தது. மாமனார் இருமினார். பேருந்து ஓட்டிய பழக்கத்தில் எந்தப் பலகையைக் கண்டாலும் வாசித்துவிடுகிறவர் ஆதலால், இருமலுக்கு நடுவே டப்பாவின் மேல் இருந்ததையும் உரக்க வாசித்தார்.

"எளிதில் தீப்பற்றும். நெருப்பருகே வைக்காதீர்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார். "என்ன சார் இது?"

"அது ஈரமா இருக்கிற வரைக்கும். காய்ஞ்சதும் பிடிக்காது."

"எப்பக் காயும்?"

"வெயில்ல வச்சா சீக்கிரம் காயும்."

"அப்ப வெளியில எடுத்து வைக்கலாமா?"

"நகர்த்தக் கூடாதே."

சோபா காயவில்லை. ஒட்டியது, நாறியது. விளிம்பெல்லாம் பொருக்குத் தட்டி விறைத்துக்கொண்டது. மாமனாருக்கு விட்டுப்போன இருமல் பழைய பாக்கியோடு திரும்பி வந்தது. ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு தண்டனையா என்று அவர் கூரையைப் பார்த்துக் கேட்டார். மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? தண்ணீர் வராதவர்கள் அவளுடைய கரகரப்பைக் கேட்டு, பேசுவது ஆண்பிள்ளை என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டத் தொடங்கினார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் அவளே தீப்பாதுகாப்பு வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அப்பாவின் இருமல், கணவனின் கால், தன் தொண்டை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்றாள். அவளுக்கும் குரல் கரகரவென்று இருந்தது.

மனைவி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள்.

"வெந்நீர்ல உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்புளிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடைசியில் வாரியமே ஒரு வழி காட்டியது. வேண்டாதவர்கள் சோபாவைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கலாம். வாரியத்தின் பாதுகாப்புக் கிடங்கில் அது பத்திரமாக இருக்கும். கொக்கு கையெழுத்துப் போட்டார். ஆய்வாளரோடு நான்கு சுமைதூக்கிகள் வந்தார்கள். படி திரும்பும் இடத்தில் சோபாவின் முதுகு மின்பெட்டியில் இடித்தது. பொறிகள் மழை மாதிரி அதன் மேல் கொட்டின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா சார்? இப்பக்கூடப் பிடிக்கலை!" என்றாள் மனைவி, இருந்த கொஞ்சக் குரலில்.

ஆய்வாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாக்கலைம்மா. பாத்தா எழுதணும்" என்றார் தணிந்த குரலில்.

சோபா போன இடத்தில் தரை வெளிறிக் கிடந்தது. அன்று சாயங்காலம் கொக்கு அந்த வெளிறிய இடத்தில் சரியாகப் படுத்துக் காலைத் தூக்கினார். அங்கே கைப்பிடி இல்லை என்பது கால் காற்றில் நின்றபோதுதான் உறைத்தது.

வெகு நாள் ஆகவில்லை. மத்தியான வேளையில் ஓர் அம்மாளுக்கு அவர் திரைச்சீலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கடை ஜன்னல் வழியே ஊரின் மறுகோடியில் கரும்புகை எழுந்து வானத்தை மறைத்தது. வாரியத்தின் கிடங்குதான். ஊரில் வீட்டுக்கு வீடு பறித்த சோபாக்களை எல்லாம், காயாத திரவத்தோடு, கூரைவரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கோ ஒரு மின்கம்பி கசிந்திருக்கிறது. காவலுக்கு இருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. சோபாக்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இதே கறுப்புல ஏதாவது இருக்கா?" என்று அந்த அம்மாள் புகையைக் காட்டிக் கேட்டாள். கொக்கு எடுத்துக் காட்டினார்.

அன்று செய்தியில் தலைவர் தோன்றினார். கவலைப்படுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். மணமகனைப் போல இருந்தார்.

"சற்றே எண்ணிப் பாருங்கள். இத்தனை சோபாக்களும் இன்று உங்கள் வீடுகளில் இருந்திருந்தால்? ஊரே சாம்பலாகியிருக்கும்! சான்று இல்லாத சோபா தீப்பிடிக்கும் என்று இத்தனை காலம் வாயால் சொல்லிவந்தோம். சிலர் நம்பவில்லை. இன்று வாரியம் அதைச் செயலில் காட்டிவிட்டது."

தீ எப்படிப் பிடித்தது என்று ஒரு நிருபர் கேட்டார்.

"எப்படிப் பிடித்தது என்பது வேறு துறை. எது பிடித்தது என்பதுதான் எங்கள் துறை."

மாமனார் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் பஸ்ஸைக் கொண்டுபோய் மரத்துல மோதிட்டு, பாருங்க, இந்த எடத்துல மரம் இருக்குன்னு நிரூபிச்சுட்டேன்னு சொல்லியிருந்தா எனக்குப் பென்ஷன் குடுத்திருப்பானா?"

தீ அணைந்த கையோடு வாரியம் வெற்றி விழா அறிவித்தது. சோபாவைத் தாமாக ஒப்படைத்தவர்களுக்கு முன்னோடிக் குடிமக்கள் என்று பட்டம். கொக்குவுக்கும் அழைப்பு வந்தது. போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் முதலாளி, "போய்ட்டு வாய்யா, மேடையில நம்ம கடை பேரைச் சொல்லு" என்று விடுப்புக் கொடுத்துவிட்டார். முதலாளி கொடுக்கிற விடுப்பை வேண்டாம் என்று சொன்ன விற்பனையாளர் அந்தக் கடையில் இல்லை.

மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். அரங்கத்தின் மெத்தை நாற்காலிகளைச் சான்று இல்லாததால் அப்புறப்படுத்தியிருந்தார்கள். கூட்டம் முழுவதும் நின்றது. மேடையில் ஒரே ஒரு சோபா இருந்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறிய முதல் சோபா, வாரியமே செய்தது. வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்தது. அதைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு ஓர் அலுவலர் காவலுக்கு நின்றார்.

தலைவர் நாடாவை வெட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் பேசத் தொடங்கினார். தீயின் வரலாறு, மெத்தையின் வரலாறு, வாரியத்தின் வரலாறு, பிறகு தன் வரலாறு. நடுநடுவே முன்னோடிக் குடிமக்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சட்டம் போட்ட பாராட்டுத் தாளை வாங்கிக்கொண்டு சோபாவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கொக்குவும் ஏறினார், வாங்கினார், நின்றார். வலது காலில் நின்றார். இடது காலுக்கு மாறினார். கட்டுத்துணி நனைந்து செருப்புக்குள் ஈரம் இறங்குவது தெரிந்தது. தலைவர் அப்போதுதான் தன் பள்ளிப் பருவத்துக்கு வந்திருந்தார்.

கொக்கு எந்தத் தீர்மானமும் செய்யவில்லை. பின்னால் பலர் அவர் துணிச்சலாகச் செய்ததாகச் சொன்னார்கள். அது உண்மை அல்ல. கால் மடங்கியது. மடங்கிய இடத்துக்குப் பின்னால் சோபா இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அரங்கத்துக்கே மூச்சு நின்றுபோயிற்று. ஆய்வாளர் ஓடி வந்தார்.

"எழுந்திருங்க சார், எழுந்திருங்க" என்று காதில் கெஞ்சினார்.

"முடியலை சார்." அவர் குரலில் கோபமே இல்லை. கடையில் ஒரு நிறம் இருப்பு இல்லை என்று சொல்கிற குரல்.

தலைவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னய்யா இது? உக்காரக் கூடாதுன்னு விதி இருக்கில்ல, எடுத்துப் படி."

ஆய்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் புரட்டினார், பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். அவர் நெற்றி வியர்த்தது.

"சான்று இல்லாததுல உக்காரக் கூடாதுன்னு இருக்கு சார். சான்று இருக்கிறதுல உக்காருறதைப் பத்தி ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமேவா?"

"எரியறது இருக்கு. புகையறது இருக்கு. உருகறது இருக்கு. உக்காருறது மட்டும் இல்ல சார். எழுதும்போது யாருக்கும் தோணலை போல."

தலைவர் சும்மா தலைவர் ஆகவில்லை. பொத்திய கையை எடுத்துவிட்டு முழங்கினார்: "பெருமக்களே! வாரியத்தின் மீது இந்தக் குடிமகன் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள். துளியும் அஞ்சாமல் அமர்ந்துவிட்டார்! சொல்லுங்கள் ஐயா, எப்படி இருக்கிறது?" என்று ஒலிவாங்கியை அவர் வாய்க்கருகே நீட்டினார்.

"கல்லு மாதிரி இருக்கு சார்."

"உறுதி! உறுதி என்கிறார்!"

பலத்த கைதட்டல். படம் எடுத்தார்கள். தலைவர் கல்லூரிப் பருவத்துக்குப் போனார். கொக்கு எழுந்திருக்கவில்லை. எழுப்புவதற்கும் விதி இல்லை என்பதால் யாரும் எழுப்பவில்லை. கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் மெல்லக் கழன்றார்கள். பேச்சு முடிந்தபோது கேட்க மிச்சமிருந்தவர்கள் சம்பளத்துக்கு நின்றவர்கள். தலைவர் காரில் ஏறினார். ஆய்வாளர் போகிற போக்கில் கொக்குவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

மனைவி மேடை ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய செருப்பைக் கழற்றி, நனைந்த கட்டை அவிழ்த்து, தன் கைக்குட்டையால் புதிதாகக் கட்டினாள். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இப்ப பரவால்ல."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துவந்தன. அரங்கக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, பெரிய பூட்ஸ்.

"பூட்டணும். எழுந்திருங்க."

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமேண்ணே. கால்ல இறங்கின ரத்தம் திரும்பட்டும்" என்றாள் மனைவி.

காவலாளி புண்ணைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். "காலையிலேருந்து வாசல்லயே நிக்கிறேன்மா. இந்தாளு பேச்சுக்கு ஒரு முடிவே இல்ல."

"நீங்களும் உக்காருங்களேன்."

"இதுலயா? ஐயையோ."

"விதியில ஒண்ணும் இல்லையாம். தேடிப் பாத்துட்டாங்க."

காவலாளி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூடான அடுப்பில் உட்காருகிறவர் போலக் கோடியில் உட்கார்ந்தார். அசைந்து பார்த்தார். இன்னொரு பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது? இதுல மனுஷன் எப்படி உக்காருவான்?"

"மனுஷனுக்குன்னு செஞ்சது இல்லண்ணே."

ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. மெல்ல பூட்ஸைக் கழற்றினார், விரல்களை விரித்து மடக்கினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். சற்றுப் பொறுத்துத்தான் அவருக்குப் பயம் வந்தது.

"ஏன் சார், யாராவது வந்துட்டா?"

"வந்தா நிக்கட்டும்" என்றார் கொக்கு, கண்ணைத் திறக்காமலே.